தேங்காய் எண்ணெய் போட்ட துப்பாக்கி

நான் குடியிருக்கும் கட்டடத்தில் நெத்திலிக் கருவாடு வறுத்தால் கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து கதவைத் தட்டுவார். மூக்கருகே கையை விசிறிக்கொண்டே ஏதேதோ சொல்வார். எனக்குப் பாதி புரியும், மீதியை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். அதே அம்மாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நீளத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினால் வாய் நிறைய வணக்கம் சொல்லி, வெளிக்கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார். டிராமில் என் பக்கத்து இருக்கைக்காரர், என் தோள்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் போனுக்குத் திரும்பிவிடுவார். போலந்து நாட்டின் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கருவாட்டுக்குப் பயந்து துப்பாக்கிக்குப் பயப்படாத ஊர் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஊரிலிருந்து படிக்கிறவர்கள் பதற வேண்டாம். அது நிஜத் துப்பாக்கி இல்லை. ஏர்சாஃப்ட் என்று இங்கே பெரியவர்கள் விளையாடும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதற்காகப் பழைய போர்த் துப்பாக்கிகளை அச்சு அசலாகச் செய்து விற்கிறார்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங். பக்கவாட்டில் கைப்பிடிபோல் நீட்டியிருக்கும் போல்ட்டை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளிவிட்டு விசையை அழுத்தினால் மிளகு அளவு பிளாஸ்டிக் குண்டு ஒன்று பறக்கும். மேலே பட்டால் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். என்னுடையது வெள்ளைக்காரன் காலத்து த்ரீ நாட் த்ரீயின் நகல். நம் ஊர் போலீஸ்காரர்கள் தோளில் பார்த்திருப்பீர்கள். கடையில் இருந்ததிலேயே மலிவானதைத்தான் வாங்கினேன். மரக்கட்டை போலத் தெரிவது பிளாஸ்டிக், அதன்மேல் மரக்கோடு மாதிரி பெயின்ட் அடித்திருக்கிறது. நகத்தால் தட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். நாற்பதை நெருங்கும் ஒருவன் இதை எதற்கு வாங்கினான் என்று கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன். பொறாமை.

என் தம்பி பாபு போலீஸ்காரன். விழுப்புரத்தில் ஆயுதப்படையில் இருக்கிறான். அவனும் நானும் சேர்ந்துதான் அந்த வேலைக்குத் தயாரானோம். மரக்காணத்தில் விடிவதற்கு முன் உப்பளத்து வரப்புகளில் ஓடுவோம். காலடியில் சேறு வழுக்கும், ஓரத்தில் காய்ந்த உப்பு குதிகாலைக் கிழிக்கும். எதிரே பாத்திக்கு உப்பு வாரப் போகிறவர்கள் வந்துவிட்டால் ஒதுங்கி நிற்க இடமிருக்காது. ஓட்டத்தில் எப்போதும் நான்தான் முன்னால். ஆனால் தேர்வு நாளில் முதலில் உயரம் அளந்தார்கள். என் தலைக்கும் சுவரில் போட்டிருந்த கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. எனக்குப் பின்னால் வந்த பாபு கோட்டைத் தாண்டி நின்றான். அப்பாவின் உயரம் அவனுக்கு, அம்மாவின் உயரம் எனக்கு. பயிற்சி முடித்த அன்று காக்கி உடையில் த்ரீ நாட் த்ரீயைப் பிடித்துக்கொண்டு அவன் எடுத்துக்கொண்ட படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பாஸ்போர்ட்டுக்காக நான் எடுத்த படம் பீரோவுக்குள் இருக்கிறது.

என் மகள் யாழினி தவழ்ந்துகொண்டிருந்தபோது நான் கிளம்பி வந்தேன். இங்கே ஃபிரிட்ஜ் செய்யும் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் வரிசையில் நிற்கிறேன். ஊரில் மனைவி சுமதியும் மகளும் என் பெற்றோரோடு இருக்கிறார்கள். பாபுவுக்கு லீவு கிடைத்தால் பைக்கில் வந்து இறங்கிவிடுவான். யாழினியை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஈசிஆர் ரோட்டில் ஒரு சுற்று. கூனிமேட்டில் பரோட்டா, கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் குதிரைச் சிலைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ. எல்லாம் எனக்கு வாட்ஸப்பில் வந்து சேரும். நான் ஒரு இதயத்தை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பேன். பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றிப் பேசச் சொன்னபோது யாழினி எழுந்து சித்தப்பாவைப் பற்றிப் பேசினாளாம். சுமதி அதைச் சொல்லிச் சிரித்தாள்.

அன்றைக்கு வீடியோ காலில், ஏன் சித்தப்பா என்று யாழினியையே கேட்டேன். அவள் கூடத்துப் படத்தின் பக்கம் போனைத் திருப்பினாள்.

"சித்தப்பாகிட்ட துப்பாக்கி இருக்குதுப்பா. நெஜத் துப்பாக்கி. உன்கிட்ட இன்னா இருக்குது?"

"என்கிட்ட ஃபிரிட்ஜு நெறைய இருக்குதும்மா."

"ஃபிரிட்ஜு நம்ம ஊட்லயே இருக்குது" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

வெளிநாட்டில் வேலை செய்யும் அப்பாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தம்பி என் பிள்ளையைக் கெடுக்கவில்லை. தூக்கி வளர்க்கிறான், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான். அவனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்லவும் செய்தேன். நன்றி சொல்லும்போதே வயிறு எரிந்தது. என் பிள்ளை, என் வீடு, நான் ஓடிப் பழகிய வரப்பு, அத்தனைக்கும் அவன்தான் மாப்பிள்ளை மாதிரி வந்து போகிறான். நான் போனில் சிரிக்கிறேன்.

என்னோடு அதே வரிசையில் வேலை பார்ப்பவன் மாரெக். அவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஊருக்கு வெளியே இருக்கும் பைன் மரக்காட்டுக்கு அழைத்துப்போய் இந்த விளையாட்டைக் காட்டினான். அவனிடமிருந்த பழைய போர்த் துப்பாக்கியின் நகலில் கட்டை நிஜ மரம். தடவிப் பார்த்தபோதே எனக்கு அவன்மேலும் பொறாமை வந்துவிட்டது, இந்த விஷயத்தில் நான் யாரையும் விட்டுவைப்பதில்லை. தன் கொள்ளுத்தாத்தா இதே மாதிரி ஒன்றோடு போருக்குப் போனார் என்றான். உன் தாத்தா என்ன செய்தார் என்று கேட்டான். உப்பு எடுத்தார் என்றேன். அவன் கண்ணை விரித்து, என் தோளில் தட்டி, "துணிச்சலான ஆள்" என்றான். இந்த நாட்டில் உப்பு என்றால் பூமிக்கு அடியில் ஆழத்தில் வெட்டி எடுக்கும் சுரங்கம். என் தாத்தா விளக்கைப் பிடித்துக்கொண்டு பாதாளத்தில் இறங்கியவர் என்று நினைத்துவிட்டான். கடலோரத்தில் பாத்தி கட்டி வெயிலில் காயவிடுவோம் என்று சொல்ல எனக்குப் போலிஷ் போதவில்லை. போதியிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

நான் ஆர்டர் போட்ட துப்பாக்கி பார்சலில் வந்தது. பிரித்ததும் முதல் வேலையாக யாழினியைக் கூப்பிட்டேன். போல்ட்டை இழுத்துத் தள்ளிக் காட்டினேன். அவள் போன் திரைக்குள் முகத்தை நுழைத்துவிடுவதுபோல் அருகே வந்தாள். சித்தப்பா படத்தில் இருப்பதேதான் என்று கத்தினாள். வந்த நாளிலிருந்து நான் கேட்டிராத சத்தம் அது. பின்னாலிருந்து சுமதி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த வயசுல இதெல்லாம் தேவையா? சரி, வாங்கிட்டீங்க. எண்ணெ போட்டு வைங்க, துரு புடிச்சிடப் போவுது."

உங்களுக்குத் தெரியாததா? நம் கடற்கரையில் இரும்பு என்று ஒன்று நிலைப்பதில்லை. உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும், பூட்டைச் சாவி நுழையாமல் செய்துவிடும். அதனால் கையில் கிடைத்த எண்ணெயை எல்லாவற்றிலும் தடவுவது எங்கள் வீட்டுப் பழக்கம். சுமதி சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஸ்பிரிங்கைத் தவிர இரும்பே இல்லாத துப்பாக்கிக்கு, அவள் கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெயை வழிய வழிய ஊற்றினேன். ஆயுத பூஜை வந்தபோது சந்தனமும் குங்குமமும் வைத்து இன்னொரு முறை போட்டேன். போல்ட் வெண்ணெயாக ஓடியது.

பனிக்காலத்தின் முதல் ஞாயிறு. காட்டிலிருந்து நேரடியாகச் சுட்டுக் காட்டுவதாக யாழினியிடம் சொல்லிவைத்திருந்தேன். காலைக் குளிரில் உடம்பு விறைத்தது. மரத்தில் ஒரு தகர டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டு, போனை மாரெக் கையில் கொடுத்து, வீடியோ காலைப் போட்டேன். திரையில் யாழினி மட்டும் இல்லை. அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு பாபு நின்றான். பின்னால் என் அப்பா, அம்மா, சுமதி. போல்ட்டை இழுத்தேன். பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. உதறினேன், தட்டினேன், முட்டியில் வைத்து அழுத்தினேன். அசையவில்லை.

"ண்ணா, இன்னா எண்ணெ போட்ட?" என்றான் பாபு.

"தேங்கா எண்ணெ."

பாபு வெடித்துச் சிரித்தான். "அங்க குளிர்ல அது கட்டியாப் போயிருக்கும்ண்ணா! தலைக்கா தடவற?" அவன் தோள் குலுங்கியதில் மேலே இருந்த யாழினியும் குலுங்கிச் சிரித்தாள். "சித்தப்பா துப்பாக்கி இப்டி மாட்டிக்காதுப்பா" என்றாள்.

மாரெக்குக்கு ஒன்றும் புரியவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கி, போல்ட்டின் ஓரத்தில் உறைந்திருந்த வெள்ளைப் பொருளை நகத்தால் சுரண்டி முகர்ந்தான். "ஸ்மாலெட்ஸ்?" என்று கேட்டான். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் பன்றிக் கொழுப்புக்கு இங்கே அந்தப் பெயர். பள்ளியில் சிப்பாய்க் கலகம் படித்தவன் நான். துப்பாக்கித் தோட்டாவில் பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறது என்று நம் ஆட்கள் வெள்ளைக்காரனோடு சண்டைக்குப் போனார்கள் என்று வாத்தியார் மூச்சுவிடாமல் நடத்தியது நினைவுக்கு வந்தது. இங்கே ஒரு வெள்ளைக்காரன் என்னைப் பார்த்து, நீயா தடவினாய் என்கிறான். இல்லை, இது தலைக்குத் தடவுவது என்று என் தலையைத் தொட்டுக் காட்டினேன். அவன் துப்பாக்கியையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அதைத் தன் கார் ஹீட்டருக்கு எதிரே வைத்தான். நான் போனை அணைத்துவிட்டுப் பனியில் நின்றேன். அந்த நேரத்தில் என் உடன்பிறந்தவனை எனக்குப் பிடிக்கவில்லை.

நடந்தது என்னவென்றால், யாழினிக்கு அந்த ஞாயிறு மிகவும் பிடித்துப்போய்விட்டது. அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். அதுவரை சுமதி பிடித்து இழுத்துவந்து போன் முன்னால் நிறுத்த வேண்டியிருந்த பிள்ளை. எண்ணெயை வழித்தெடுத்தாயா, டப்பாவைச் சுட்டாயா என்று ஆயிரம் கேள்வி. நான் ஞாயிறுதோறும் காட்டிலிருந்து சின்னச் சின்ன வீடியோ எடுத்து அனுப்பத் தொடங்கினேன். டப்பா, பாட்டில், பைன் மரக்காய் என்று குறிவைத்துச் சுட்டேன். பாபுவை ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் ரெண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, அவளிடம் சும்மா பேசலாம் என்று கூப்பிட்டேன்.

"துப்பாக்கிய காட்டுப்பா."

"இன்னிக்கு வேணாம்டா. அப்பாகிட்ட பேசு."

"அப்ப அப்றமா பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

சுவரில் ஆணியில் தொங்கிய அந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது? தம்பிமேல் பொறாமைப்பட்டால் அர்த்தம் உண்டு, ஒரு பொம்மைமேலா? அதை முறித்து அடுப்பில் போட வேண்டும் போலிருந்தது. போட்டால் என் பிள்ளை எனக்கு போனே செய்யமாட்டாள். எடுத்துத் துடைத்து மறுபடியும் மாட்டினேன்.

மே மாத லீவுக்கு ஊருக்கு வந்தேன். துப்பாக்கியையும் கொண்டுவரத்தான் இருந்தேன். பாபுதான் தடுத்தான். "வேணாம்ண்ணா. ஏர்போர்ட்ல புடிச்சி உக்கார வச்சிடுவாங்க. பொம்மைன்னு சொன்னா எவன் நம்புவான்?" அதனால் சாக்லேட்டும் ஒரு ஜாக்கெட்டும்தான் பெட்டியில் இருந்தன. யாழினி பெட்டியின் அடிவரை கையைவிட்டுத் துழாவிப் பார்த்தாள். அதன் பிறகு சுமதியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வந்திருக்கும் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். பைக்கில் போகலாம் என்று கூப்பிட்டேன். சித்தப்பா வரட்டும் என்றாள். பழகிவிடுவாள், நாலு நாள் ஆகட்டும் என்று சுமதி சொன்னாள்.

ஒரு மத்தியானம், வெளியே உப்பளம் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்தது. நான் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு யாழினி உள்ளே வந்தாள்.

"வாடி, எங்கப்பாவ காட்டறேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டையைச் சரிசெய்துகொண்டேன். யாழினி என்னைத் தாண்டிப்போய் அலமாரியிலிருந்த சுமதியின் போனை எடுத்தாள். இருவரும் என் காலருகே தரையில் உட்கார்ந்தார்கள். போனில் நான் அனுப்பிய வீடியோ ஓடியது. கம்பளிக் குல்லாய், பனி, தோளில் துப்பாக்கி.

"உங்கப்பா எந்த அளத்துல நிக்கிறாரு? இம்மாம் உப்பு!" என்றாள் அந்தப் பெண்.

"அது உப்பு இல்லடி, ஐஸு. எங்கப்பா ஊரு."

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். "இது யாரு?"

யாழினி தலையைத் தூக்கவில்லை. "இவரும் எங்கப்பாதான். லீவுக்கு வந்திருக்காரு."

போனுக்குள் இருந்தவன் போல்ட்டை இழுத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் அவனைப் பார்த்துச் சிரித்தாள். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்படிச் சிரிக்கும்படி அவனிடம் அப்படி என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.