மாவுப் பையில் இருந்த அட்டை

தொண்ணூறுகளில் தம்பி கைக்குழந்தை. முதல் முத்தடுப்பு ஊசி போட்ட அன்றே அவனுக்குக் காய்ச்சல் கண்டு, தொடை எலுமிச்சம்பழம் போல வீங்கிவிட்டது. மாமல்லபுரத்தில் சிலை கொத்தும் வேலை முடிந்து வந்த அப்பா குதித்தார். "ஒரே ஊசில மூணு மருந்தாம்! பச்சப்புள்ள ஒடம்பு தாங்குமா?" இனிமேல் ஊசிக்குத் தூக்கிப் போகமாட்டேன் என்று அம்மாவைத் தம்பியின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ண வைத்த பிறகுதான் சாப்பிடவே உட்கார்ந்தார். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் கக்குவான் இருமலில் போனவன். அவனைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, "பால்வாடில சத்துமாவு குடுக்கறாங்களாம், தம்பியையும் இட்டுகினு போ" என்று அம்மா என் தோளில் பையை மாட்டினாள். எனக்கு ஒன்பது வயது. போனால், அங்கே ஊசி போடும் நர்சம்மா உட்கார்ந்திருந்தார்.

"அட்டை எங்கடி?" என்று பையைத் துழாவினார். அடியில் தம்பியின் ஊசி அட்டை இருந்தது. நான் வேணாம் வேணாம் என்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது. "தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, மூணுக்கும் இது ஒண்ணுதான். ஜொரம் வந்தா இந்தக் கால் மாத்திரைய குடு, சரியாப்பூடும்" என்றார்.

மாத்திரை அப்பா கண்ணில் பட்டால் தொலைந்தேன். அதைச் சவுக்குத் தோப்பில் வீசிவிட்டு, வீட்டில் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் தம்பியின் உடம்பு கொதித்தது. நிமிடத்துக்கொரு தரம் தொட்டுப் பார்த்தேன். அவன் செத்துப்போவான், நான்தான் காரணம் என்று பயந்து அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அப்பா வந்ததும் தொடையைப் பார்த்துவிட்டார்.

"யாரு தூக்கினு போனது?"

"நான் போவல" என்றாள் அம்மா.

அது நிஜம்தானே. நான் ஓவென்று அழுது, மாத்திரையை எறிந்தது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியை நனைத்துத் தம்பியின் நெற்றியில் போட்டார். அம்மா அரிசிப்பானையில் கைவிட்டு ஒரு மாத்திரையை எடுத்து, கால் பங்கு உடைத்து, சங்கில் கரைத்துப் புகட்டினாள். அது அங்கே எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் தம்பி காலை உதைத்துச் சிரித்தான்.

அடுத்த மாதமும் ஒரு புதன்கிழமை அம்மா மாவு வாங்கிவரச் சொன்னாள். வழியில் பைக்குள் பார்த்தேன். இந்த முறையும் அட்டையை வெளியே எடுத்துவைக்க மறந்திருந்தாள். இப்படியொரு மறதிக்காரி எப்படிப் பிள்ளை வளர்க்கப்போகிறாளோ என்று கவலைப்பட்டுக்கொண்டே நடந்தேன்.