சென்னையா கோவையா என்று பெண் பேசப் போன நாள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், புளி உலுக்குகிற பருவத்தில், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு சின்ன ஊரில் இது நடந்தது. என் நண்பனுக்குப் பெண் கேட்கப் போயிருந்தோம். அவன் அந்த மலையில் பிறந்தவன். நான் கீழே ஆலங்காயம் பக்கம். கோவையில் ஒரே பட்டறையில் வேலை, ஒரே அறையில் தங்கல்.

அவனுக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் ஒருவர் உண்டு. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டார். அதனால் பேசுகிற வேலை எனக்கு வந்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. சென்னையில் கட்டட வேலை, திருப்பூரில் சாயப்பட்டறை, மதுரையில் ஓட்டல், கோவையில் லேத். பஸ் நிலையத்தில் படுத்த நாளும் உண்டு. எந்த ஊரில் எது என்ன விலை என்று யார் கேட்டாலும் சொல்லுவேன். பசியோடு கடைத்தெருவில் நடந்தவனுக்கு அதெல்லாம் தானாக மனதில் ஏறிவிடும்.

அந்தப் பெண்ணுக்குச் சென்னையிலிருந்து இன்னொரு வரன் வந்திருந்தது. அவனும் மலைக்காரன்தான், அங்கே வண்டி ஓட்டுகிறான். மாதம் இருபத்திரண்டாயிரம் சம்பளம். என் நண்பனுக்குப் பதினேழாயிரம். மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் தர வேண்டும். அதை அவன் எப்படியோ சேர்த்துவிட்டான். ஆனால் பெண்ணின் அப்பா பரிசத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஐயாயிரம் குறைச்சலாச்சே என்பதுதான் அவர் கவலை. அன்றைக்கே ஒரு முடிவு சொல்லிவிடுகிறேன் என்று ஆள் அனுப்பியிருந்தார். நண்பனுக்கு அவள்மேல் ரொம்ப நாளாக மனசு. மலை ஏறி முடிக்கிறவரை பஸ்ஸில் அவன் பரிசப் பணம் இருந்த பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "நான் இருக்கேன்டா" என்றேன். எனக்குத் துளியும் பயமில்லை.

வாசலில் பாய் போட்டிருந்தார்கள். பெண்ணை உள்ளே உட்காரவைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவள் பாட்டுக்கு அம்மாவோடு வாசல் ஓரத்தில் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். "இருபத்திரண்டு பெருசா, பதினேழு பெருசா? நீ நாலு ஊரு பாத்தவன், நீயே சொல்லுப்பா."

நான் ஆரம்பித்தேன். சென்னையில் கேன் தண்ணீர், சிலிண்டரை மூன்று மாடி ஏற்றிக் கொடுக்க கேஸ்காரர் தனியாகக் கேட்பது, வேலைக்குப் போய்வர ஆகும் செலவு, டீ, தக்காளி. பிறகு கோவையில் அதே டீ, அதே தக்காளி. நடுவில் மதுரையையும் திருப்பூரையும் இழுத்தேன். பெண்ணின் தாய்மாமன் வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார்: "இன்னாப்பா, பொண்ணு பேச வந்தியா, தக்காளி யாவாரம் பேச வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். "தக்காளிய வுடுங்க மாமா. கோயமுத்தூர்ல நாலாயிரத்துக்குத் தனி வூடே கெடைக்குது. சென்னையில எட்டாயிரம்" என்றேன்.

பெண்ணின் அப்பா முகம் மாறிவிட்டது. "அப்போ இவனுக்கு அங்க வூடு இல்லியா?"

"வாடகைக்கு இருப்பாங்க மாமா."

"ஊரான் வூட்டுக்குக் காசு குடுத்து குடியிருக்கறவனுக்கா பொண்ணு குடுக்கறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மலை ஊரில் ஒன்றுமில்லாதவனுக்குக்கூடச் சொந்தமாக ஒரு வீடு உண்டு. ஊர்க்காரர்கள் சேர்ந்து கம்பு வெட்டி, மண் குழைத்து எழுப்பிக் கொடுத்துவிடுவார்கள். குறைந்த வாடகை என்பதை நான் பெருமையாகச் சொன்னேன். அவருக்கு வாடகை என்பதே கேவலம். "சென்னைக்காரனும் வாடகைதான் மாமா" என்றேன். "அத அவுங்க சொல்லலியே, நீதான சொல்ற" என்றார் தாய்மாமன். நண்பன் என் தொடையை நன்றாகக் கிள்ளினான்.

நான் விடுகிற ஆள் இல்லை. எழுந்து போய் அந்த அம்மா பக்கத்திலிருந்து இரண்டு கை புளியங்கொட்டை அள்ளி வந்தேன். ஒரு கொட்டை ஆயிரம் ரூபாய். சென்னைக்கு இருபத்திரண்டு, கோவைக்குப் பதினேழு என்று பாயில் இரண்டு குவியல் வைத்தேன். வாடகைக்கு இத்தனை, சாப்பாட்டுக்கு இத்தனை, போக்குவரத்துக்கு இத்தனை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். எல்லோரும் பல்லாங்குழி பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தார்கள். கடைசியில் சென்னைப் பக்கம் நாலு கொட்டை மிஞ்சியது, கோவைப் பக்கம் ஆறு. பெண்ணின் அப்பா தாடையைச் சொறிந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நண்பனைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

அப்போது அந்தப் பெண் எழுந்து வந்தாள். கையில் இருந்த கொட்டைகளைப் பாயில், தனியாக மூன்றாவது குவியலாக வைத்தாள்.

"இதையும் சேத்து எண்ணுண்ணா."

"இது இன்னாம்மா?"

"என் சம்பளம்."

இரண்டு வருஷம் அவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள் என்பது எங்களுக்குத் தெரியும். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்திருந்தாள். அதோடு அது முடிந்த கதை என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். மறுபடியும் வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அப்போதுதான் சொன்னாள்.

"அல்லாரும் ஒரு ஆள் சம்பளத்தையே பிச்சுப் பிச்சு எண்றீங்க. நான் இன்னா வூட்ல சும்மா குந்தினு இருப்பேன்னா? ஓசூர்ல வாடகை எவ்ளோ, சொல்லு பாக்கலாம்."

நான் பிழைக்காத ஊர் அது. "தெரியாதும்மா" என்றேன். அவளே சொன்னாள். வாடகை கோவையைவிடக் கொஞ்சம் கூட. காய்கறி மலிவு. தண்ணீருக்கு அலையணும். காலையில் பஸ் பிடித்தால் மத்தியானம் மலையில் சோறு சாப்பிடலாம். பிறகு நேராக என் நண்பனைப் பார்த்தாள். "சென்னைக்காரங்களாண்டயும் கேட்டேன். வேலைக்கு அனுப்ப மாட்டோம்னுட்டாங்க. நீ ஓசூருக்கு வர்றியா?"

"வர்றேன்."

அதுதான் அன்று அவன் அங்கே பேசிய முதல் வார்த்தை. "அங்க இன்னா சம்பளம்னு கேக்காமலே வர்றேன்றான் பாரு!" என்று தாய்மாமன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அங்கயும் வாடகைதான?" என்றார்.

"ரெண்டு வருசம் ஆஸ்டலுக்குக் காசு குடுத்துதான்பா இருந்தேன். நான் இன்னா கெட்டா பூட்டேன்?"

அவர் பாயில் இருந்த மூன்றாவது குவியலைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "மாப்ளைக்கு சோறு போடு" என்றார். மாப்பிள்ளை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

இருவரும் ஓசூரில் இருக்கிறார்கள். அவனுக்கு அங்கே பதினைந்தாயிரத்துக்குத்தான் லேத் வேலை கிடைத்தது. அவர்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கி அந்த ஊர் விலையையும் தெரிந்துகொண்டேன். இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன்.

எந்த ஊரில் எவ்வளவு சம்பளம் இருந்தால் குடும்பம் நடத்தலாம் என்று கூட வேலை செய்கிறவர்கள் இன்னமும் என்னிடம் கேட்கிறார்கள். விலையெல்லாம் சொல்கிறேன், ஆனால் வீட்டுக்காரியையும் உட்காரவைத்துப் பேசாமல் ஊரை முடிவு பண்ணாதே என்பதை அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு ஊர் கட்டுப்படியாகுமா என்பது அங்கே போய் வாழப்போகிற இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட வேண்டிய கணக்கு.