நாற்பத்தோராவது கேள்வி

என் நாத்தனாருக்கு வயது நாற்பத்திரண்டு. வீட்டில் இன்னும் குட்டிதான். தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்து "குட்டி, தண்ணி" என்றால் கொண்டுவந்து கொடுப்பாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அந்த ஒரு குற்றத்துக்காக இந்தக் குடும்பம் அவள் தலையில் ஏற்றாத மூட்டை கிடையாது.

தேர்வு வழிகாட்டிப் புத்தகங்கள் போடும் கம்பெனியில் அவளுக்கு வேலை. பத்தொன்பது வருஷமாக அங்கே என்ன செய்கிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஏதோ டைப் அடிக்கிறாள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். ஒரு நாள் மறந்துபோன சாவியைக் கொடுக்க நான் போனேன். மூன்றாம் மாடி. கீழே, "லிஃப்ட் பழுது, படியில் வரவும்" என்று ஒட்டியிருந்தது. மூச்சு வாங்க மேலே போனால், ஜன்னலில்லாத அறையில் புரூஃப் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரிக்கிறாள்.

"அந்தச் சீட்டைப் பாத்தீங்களா அண்ணி? வர்ற எல்லாருக்கும் படி ஏற முடியும்னு ஒரு அனுமானம் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. எழுதினவருக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிங்கன்னு கேள்வி போடறதுதான் என் வேலை."

கண்டுபிடிக்க வழியும் சொன்னாள். சந்தேகப்படும் அனுமானத்தைப் பொய் என்று வைத்துப் பார்க்க வேண்டுமாம். சொன்ன பேச்சு பொலபொலவென்று உதிர்ந்தால் திருடன் அகப்பட்டான். இதை வீட்டில் வந்து சொன்னேன். டிவி சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

போன வருஷம் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "உனக்கென்ன குட்டி, தனி ஆள். அப்பாவை நீயே பாத்துக்க." வெளியூரிலிருந்த கொழுந்தனார் போனிலேயே ஆமாம் போட்டார். எதிலும் ஒத்துப்போகாத அண்ணன் தம்பிக்கு இதில் மட்டும் என்ன ஒற்றுமை! நானும் யோக்கியம் இல்லை. குட்டி மாட்டேன் என்றால் பெட்பேன் என் கைக்கு வரும் என்று தெரியாதா எனக்கு? ஃபிளாஸ்கைக் கழுவுகிற சாக்கில் நழுவிவிட்டேன்.

எட்டு மாதம் அவள்தான் பார்த்தாள். காலையில் குளிப்பாட்டிவிட்டு ஆபீஸ், மதியம் பஸ் பிடித்து வந்து சாப்பாடு கொடுத்துவிட்டு மறுபடி ஆபீஸ். ஒன்பதாம் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தர்க்கப் பிரிவு முழுவதற்கும் அவளே பொறுப்பாசிரியர். ஊர் எட்டு மணி நேரப் பயணம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை அவள் நாலு தடவை எடுத்துப் படித்ததை நானே பார்த்தேன். அவள் எதற்கும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அவளுடைய அண்ணனோ முதல் வரியோடு மடித்துவிட்டார். "முடியாதுன்னு எழுதிப் போட்டுடு" என்றார்.

அவருக்கு அப்போது வேறு கவலை. கிடங்கில் இருபத்தாறு வருஷம் சரக்கு எண்ணியவருக்குப் பதவி உயர்வுத் தேர்வு வந்திருந்தது. ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள் என்று புதுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்து, ஐம்பது வயதில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். அட்டையில் கம்பெனி பெயர் மட்டும்தான் இருந்தது, எழுதினவர் பெயர் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நாற்பத்தோராவது கேள்வியில் சிக்கிக்கொண்டார். குட்டி மாமனாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். இவர் சத்தமாகப் படித்தார்.

'கூற்று: தங்கை தனி ஆள். எனவே, படுத்திருக்கும் அப்பாவை அவளே பார்த்துக்கொள்வாள். இதில் மறைந்திருக்கும் அனுமானம் எது? அ. தங்கைக்குச் சமைக்கத் தெரியும். ஆ. தனி ஆளுக்கு விட்டுவர முடியாத சொந்த வேலை எதுவும் இல்லை. இ. அண்ணன் பாசமில்லாதவன். ஈ. அனுமானம் எதுவும் இல்லை.'

நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். அவருக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. ஈ என்று வட்டம் போட்டார். "இதுல எங்க அனுமானம்? உள்ளதைத்தானே சொல்லியிருக்கான்!"

"கடைசிப் பக்கம் பாருண்ணா" என்றாள் குட்டி, ஸ்பூனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பார்த்தார். ஆ என்றிருந்தது. "அச்சுப்பிழை" என்றார்.

"இல்லண்ணா. அந்தக் கேள்வியைப் போட்டதே நான்தான். வர்றேன்னு பதில் அனுப்பிட்டேன், திங்கக்கிழமை ரயில். பகல்ல பாத்துக்க நர்ஸம்மா வருவாங்க. காலைல குளிப்பாட்டறது உன் முறை."

மாமனார் மென்றுகொண்டே தலையாட்டினார். அவரிடம் மட்டும் முந்தின நாளே கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்காரர் மெல்ல என் பக்கம் திரும்பினார். என் மெஷின்மேல் முப்பது பள்ளிச் சீருடை வெட்டிய துணியாகக் கிடக்கிறது. அதற்கு மேலாக என்னைப் பார்த்து, "உனக்கென்ன, நீ வீட்லதானே இருக்கே" என்றார்.

எட்டு மாதம் மூடியிருந்த வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. புத்தகத்தை வாங்கி அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். என் வயிற்றில் பால் வார்த்தாள் மகராசி. நாற்பத்திரண்டாவது கேள்வி, 'கூற்று: மனைவி வீட்டில்தான் இருக்கிறாள். எனவே' என்று தொடங்கியது. அதை அவர் மடியில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை குட்டி பெட்டியோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து அண்ணன் குரல் வந்தது, "குட்டி, இதுல வெந்நீர் எந்தக் குழாய்?"

"நாலு விடையெல்லாம் இல்லண்ணா" என்றாள் அவள், பெட்டியைத் தூக்கியபடி. "ரெண்டே குழாய்தான்."