ஆலைக்குப் போகுமுன்பே முடிந்த சோதனை

இன்று காலை ஏழாயிரம்பண்ணைப் பேருந்தில், பட்டாசு ஆலையின் போர்மேன் ஒருவர் என் அருகில் அமர்ந்திருந்தார். கைப்பேசியில் 'ஆம்', 'ஆம்' என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

நாமஜபம் போலிருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். தொழிலாளர் உள்ளே நுழையுமுன் அறைகளை நேரில் சோதித்து நிரப்ப வேண்டிய பாதுகாப்புச் செயலி அது.

"இன்னும் கம்பெனியே வரலையே, தம்பி?" என்றேன்.

"என்ன செய்ய, ஐயா? வெடிமருந்து இருக்குற இடம்னு செல்லை வாசல் கேட்டுலயே வாங்கி வச்சிருவாக. கேள்வி பூராம் செல்லுலதான வருது."

முன்னிருக்கைப் பெண் திரும்பினார். இந்தப் போர்மேனின் மேற்பார்வையில் உள்ள அறையில்தான் அவருக்கு வேலையாம்.

"அண்ணாச்சி, ரெண்டு கதவும் திறக்குதான்னு கேட்டிருக்குமே. என்ன போட்டீக?"

"திறக்குதுன்னுதான்."

"பின் கதவு நேத்தே இறுகிப்போச்சு. தீப்பிடிச்சா உங்க செல்லா வந்து திறக்கும்?"

போர்மேன் செயலியில் அந்தக் கேள்விக்குத் திரும்பிப் போனார். பிறகு பதிலை 'இல்லை' என்று மாற்றினார். திரை சிவந்து, அவ்வறையில் வேலை தொடங்கக் கூடாது என்றது. உடனே ஆலைக்கு அழைத்து, "ஆசாரி வந்து கதவைச் சரிபண்ணுற வரைக்கும் உள்ள யாரையும் விடாதீக" என்றார்.

நான் இறங்குகையில் அந்தப் பெண், "கோயிலுக்கா ஐயா? எங்க கதவுக்கும் சேத்துக் கும்பிடுங்க" என்றார்.

வழக்கம்போல் வழியிலேயே கண்மூடி வேண்டி முடித்திருக்கலாம். இன்று மட்டும், சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகே வேண்டினேன்.

அன்பர்களே, நீங்கள் எப்படி, போய்ச் சேர்ந்த பிறகா, போகுமுன்பேயா?