பெண் பார்க்க வந்த நாளில் வாசலில் வேம்பு

எங்கள் காரைக்குடி வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பெரிய வீடு என்று நினைத்துவிட வேண்டாம். நீளமான வீடு, அவ்வளவுதான். முதல் நாள் சாயங்காலம் அடித்த பேய்க்காற்றில், முன்வாசலில் நின்ற வேம்பு வேரோடு பிடுங்கிக்கொண்டு கேட்டின் மேல் சாய்ந்தது. பின்வாசல் முருங்கையும் சும்மா இருக்குமா? கதவை மறித்துக்கொண்டு படுத்துவிட்டது. மறுநாள் காலையில் என் மகளைப் பெண் பார்க்க நெற்குப்பையிலிருந்து வருகிறார்கள். காற்றுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

மகள் மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். இதற்கு முன் வந்த வரன்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் தட்டிக்கழித்தவள், இந்தப் பையனின் போட்டோவைப் பார்த்து மட்டும் "சரி, வரச் சொல்லுங்க" என்றிருந்தாள். அந்த ஒரு வார்த்தையை வாங்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இதை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

விடிந்ததும் மனைவி வேம்பைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "நல்ல காரியத்துக்கு வாரப்ப வாசல்ல பச்சை மரம் விழுந்து கெடந்தா அவுக என்ன நெனப்பாக? சகுனம் சரியில்லைன்னு அப்படியே காரைத் திருப்பிருவாக."

"வாயக் கழுவு" என்று சத்தம் போட்டேனே தவிர, எனக்கும் அதே பயம்தான்.

மரம் அறுக்கும் மெஷின்காரருக்குப் போன் போட்டேன். "ஐயா, ஊரு பூரா மரம் விழுந்து கெடக்கு. நாளன்னைக்கு வாரேன்" என்றார்.

"எதுக்குய்யா அவசரம், பேரன் காதுகுத்துக்கு வந்து சேரு" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

முருங்கைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பின்தெருப் பெண்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். "அடடா, என்னமாக் காய்க்கும்!" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் கீரையை உருவினார், ஒருவர் காயைப் பறித்தார், நட்டு வைக்க ஒரு கொப்பு கொண்டுபோனார் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் மரம் இருந்த இடத்தில் மரத்தைக் காணோம். வேம்பை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பின்வாசல் திறந்துவிட்டது. உடனே மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டேன். "பின்தெரு வழியா வாங்க, அங்குட்டுத்தான் நல்லாக் காத்து வரும்." அவர் சரி என்றுதான் சொன்னார். ஆனால் காரை ஓட்டி வந்த மாப்பிள்ளை, போனில் இருக்கிற மேப் சொன்னதைத்தான் கேட்டார். கார் நேராக வேம்பின் முன்னால் வந்து நின்றது.

அவர் அப்பா இறங்கினார். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேத்துக் காத்துல விழுந்ததா?"

"இல்ல இல்ல, நாங்களே வெட்டினதுதான்."

"வேரோடயா வெட்டுவீக?"

மனைவி என் முதுகில் கிள்ளினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அந்த மனிதரோ சட்டையைக் கழற்றிக் கார் கதவில் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, "அருவா இருக்கா?" என்றார். மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கொப்புகளை ஒதுக்க ஆரம்பித்தார். என் மனைவியும் கூடச் சேர்ந்தாள். அடுத்த வீட்டில் ரம்பம் வாங்கி வந்ததும், மாப்பிள்ளையின் அப்பா ஒரு முனையைப் பிடிக்க, அலங்காரத்தோடு உள்ளே இருந்த மகள் வெளியே வந்து அதன் மறுமுனையைப் பிடித்தாள். நான் படியில் நின்று, "இங்குட்டு இழுங்க, அங்குட்டுத் தள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்ல ஒரு ஆள் இல்லாவிட்டால் இந்த மாதிரி வேலைகள் நடக்காது.

"சம்பந்தி, அந்தக் கொப்பைக் கொஞ்சம் பிடிங்க" என்றார் அவர். சம்பந்தி! அவர் வாயாலேயே வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கொப்பு எங்கே என்றே தெரியவில்லை. அதை யார் பிடித்தார்கள் என்றும் நினைவில்லை.

மாப்பிள்ளை எதிர்வீட்டு நிழலில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, பாவம். நான்தான் ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன்.

கேட் திறந்ததும் எல்லோரும் முன்வாசல் வழியாகவே வந்து கேசரி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா மகள் தலையில் பூ வைத்து, "எங்களுக்குப் பரிபூரண சம்மதம். பொண்ணைக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். கார் தெருமுனை திரும்பியதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

"என்னம்மா, நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாமா?"

மகள் உள்ளங்கையில் ஏறிய மரச்சிராயை ஊக்கால் கிளறிக்கொண்டிருந்தாள். "அவரு அம்மாவும் அப்பாவும் தங்கமான ஆளுகப்பா. அவுகளுக்கு மகளாப் போகச் சொன்னா இப்பவே போறேன். அவரு வேணாம்."

"ஏன், அவருக்கு என்ன குறைச்சல்?"

"அத்தனை பேரும் மரத்தோட மல்லுக்கட்டுறோம், அவரு நாற்காலி போட்டு உக்காந்து படம் எடுத்துக்கிட்டு இருக்காரு."

எனக்கு வந்ததே கோபம்! "இதெல்லாம் ஒரு காரணமா? நானுந்தான் இன்னைக்கு ஒரு குச்சியத் தொடல. உங்கம்மா என்னோட குடும்பம் நடத்தலையா?"

மனைவி முழங்கைக் கீறலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதைப் பாத்துத்தாங்க வேணாங்குறா" என்றாள்.