இரண்டு பெட்டியும் ஒரே கனம்

அந்தக் காலத்தில் ஒரு கடலிலே ஒரு கப்பல் இருந்ததாம். அதன் மேலே உயரத்தில் ஓர் இரும்பு அறை இருந்ததாம். அதற்குள் இருக்க வேண்டிய கேப்டன் மட்டும் இருக்கவே மாட்டாராம். மாதிரிக் கப்பல் செய்யும் தொழிலில் கதை இப்படித்தான் தொடங்கும். வாடிக்கையாளரைக் கண்டதும் வாய் ஒட்டிக்கொள்ளும் என் இனத்தாரே, இது உங்களுக்காகத்தான்.

ஒரே அச்சு

மேற்கு மாம்பலத்தில் யூசுப் பாயின் பட்டறையில் நாங்கள் இரண்டே பேர். வார்ப்பது, ராவுவது, ஒட்டுவது நான், பேசுவது பாய். யாராவது வந்தால் நான் உள் அறைக்குப் போய்விடுவேன். மாதக்கணக்கில் வேலை இல்லாமல் இருந்தபோது கோமதி மேடம் வந்தார். மயிலாப்பூர்க்காரர், அடையாறில் ஒரு கல்லூரியில் கப்பல் வடிவமைப்புச் சொல்லித்தருகிறார். அங்கே காட்சிக்கூடம் வரப்போகிறது. முதலில் இரண்டு போர்க்கப்பல்கள். அவை சரியாக அமைந்தால் மீதி எல்லாம் எங்களுக்கு. இல்லாவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு மருமகனின் செருப்புக் கடைக்குப் போவதாகப் பாய் முடிவு செய்திருந்தார்.

பழைய போர்க்கப்பல்களில் கேப்டனுக்கென்று கனத்த கவச அறை ஒன்று உயரத்தில் இருக்கும். முதல் உலகப் போரில் பலர் அதற்குள் போகவில்லை. கீறல் மாதிரி இருக்கும் சன்னல் வழியே சண்டையா தெரியும்? அவ்வளவு கனம் மேலே இருப்பது கப்பலுக்கும் ஆகாது. அதனால் இரண்டு போர்களுக்கும் நடுவே சில கடற்படைகள் அதைக் கழற்றிவிட்டு மெல்லிய தகட்டில் அறை வைத்தன. எனவே மேடம் கேட்டபடி, அந்த அறைக்கு ஒரு கப்பலில் பித்தளைக் கட்டி, இன்னொன்றில் வெறும் தகடு. இரண்டையும் தண்ணீரில் சாய்த்துவிட்டு, எழும் வித்தியாசத்தை மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். கிளம்பும்போது மேடம் உள் அறை வாசல்வரை வந்து என்னிடம் சொன்னார்: “வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். தண்ணிக்குத் தெரியும்ப்பா.”

ஆட்டோவில்

சனிக்கிழமை காலை, ஆளுக்கொரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். துரைசாமி சுரங்கப்பாதையில் ஆட்டோ நின்றுவிட்டது. பாய்க்கு முழங்கால் வலி. பித்தளை இருக்கும் பெட்டிதான் தன்னிடம் வந்துவிட்டது என்று நினைத்து, மாற்றிக்கொள்ளச் சொன்னார். மாற்றிக்கொண்டோம். அவர் பெட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, உன்னுதும் அதே கனம் கீது?”

தொட்டி ஓரம்

ஒன்று பழுதானால் இருக்கட்டும் என்று எதையும் இரண்டாக வார்ப்பது என் பழக்கம். மேசையில் இரண்டு பித்தளை அறை, இரண்டு கப்பல். கை தன்பாட்டுக்கு இரண்டிலும் ஒட்டிவிட்டது. மேல்தளம் மூடிச் சாயமும் பூசியாகிவிட்டது. பாய் கேட்டபோதுதான் அது உறைத்தது. ‘பலகைக் கனமா இருக்கும் பாய்’ என்று ஆட்டோவில் எதையோ முனகினேன். செருப்புக் கடை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

கல்லூரியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மாணவர்கள். கல்லூரி முதல்வர் முன் வரிசையில். முதல் கப்பலை மேடம் விரலால் சாய்த்தார். ஆழமாகச் சாய்ந்து, மெள்ள மெள்ள எழுந்தது. “இப்போ அடுத்தது எப்படிச் சட்டுனு எழுந்துக்கறது பாருங்கோ” என்று இரண்டாவதைக் கையில் எடுத்தார்.

“மேடம், அதுலயும் பித்தளைதான் இருக்கு. தப்பு என்னுது.”

பாய் என் காதருகே வந்தார். “பட்டறைல ஊமையாட்டம் இருப்ப, இங்க வந்து பேசிக்கினு கீறியா?”

“உடைச்சு எடுத்துரவா மேடம்?” என்றேன். அவர் கப்பலை என் கையில் வைத்தார். இரண்டு மாத வேலையைக் குறடால் பெயர்த்தேன். முதலில் மேல்தளம், பிறகு பித்தளை. மூளியாக நின்ற கப்பலைத் தண்ணீரில் விட்டு மேடம் சாய்த்தார். கொஞ்சமே சாய்ந்து, சட்டென்று எழுந்தது. மாணவர்கள் தொட்டியை நெருங்கினார்கள். முதல்வர் மட்டும் உடைந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, முதல் ஆளாகக் கிளம்பிப் போனார்.

கூட்டம் கலைந்தது. பாய் ஆட்டோ பிடிக்கப் போனார். மேடம் பித்தளை அறையைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். “முதல்வர்கிட்ட நான் பேசிக்கறேன். மூணாவது கப்பலை ஒட்டறதுக்கு முன்னாடி தராசுல வை” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

உள் அறை பத்திரமான இடம்தான். என்ன, அங்கே இருந்தால் கப்பல் சாய்வது மட்டும் தெரியாது.