மூன்றாம் தூணில் மூன்று தட்டு

இதை நம்பச் சொல்லி உங்கள் காலில் விழப்போவதில்லை. நடந்தது, அவ்வளவுதான். ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில். பிற்பகல் 3.48க்கு உள்ளே போனேன், 4.11க்கு வெளியே வந்தேன். நடுவில் இருந்த இருபத்து மூன்று நிமிடங்களைப் பற்றி மேலதிகாரியிடம் பாதிதான் சொன்னேன். மீதியை உங்களிடம் சொல்கிறேன்.

என் வேலை கல்லைத் தட்டுவது. பழைய பாலங்களைப் பாதுகாக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடம். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் கேட்க வேண்டும். உள்ளே கெட்டியாக இருந்தால் 'டங்'. வெள்ளத்தில் சுண்ணாம்பு கரைந்து பின்னால் பள்ளம் விழுந்திருந்தால் 'டொப்'. நல்ல கல்லுக்கு சாக்பீஸில் ஒரு சரிக்குறி. கெட்ட கல்லுக்கு வட்டம், பக்கத்தில் நேரம். ஆபீஸில் எனக்கு 'டொக்டொக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன ஒரு கற்பனை வளம்.

இது இரண்டு பேர் செய்யும் வேலை. ஒருவர் தூணுக்குள் இறங்குவார். இன்னொருவர் வாசலில் நின்று ஆற்றைப் பார்ப்பார். உள்ளே இருப்பவர் ஒரு தட்டு தட்டினால், வெளியே இருப்பவர் இரும்புக் கதவில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். கேட்குது, பயமில்லை என்று அர்த்தம். மூன்று தட்டு என்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வா.

என் கூட்டாளியை எல்லோரும் நொட்டாங்கை என்றுதான் கூப்பிடுவோம். இடது கைக்காரன். அவன் போடும் சரிக்குறி, கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாறியிருக்கும். பத்தொன்பது வருடம் ஒன்றாகத் தட்டினோம். இரண்டு வருடத்துக்கு முன்னால், வேறொரு பாலத்தில், அவன் உள்ளே, நான் வெளியே. திடீர் வெள்ளம். விசாரணையில் நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: தண்ணீர் ஏறுவதை 11.40க்குப் பார்த்தேன், உடனே மூன்று தட்டு தட்டினேன், அவன் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். யாரும் மறுபேச்சு பேசவில்லை.

அதன்பிறகு மாற்றல் கேட்டு இந்தப் பாலத்துக்கு வந்தேன். ஏழு வளைவு, ஆறு தூண், நூற்று நாற்பது வயது. பாலத்து முனையில், முன்பு சுங்கம் வசூலித்த அறையில் குடியிருப்பு. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஆற்றைப் பார்த்த ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்வாள். "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பேன். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். சில நாட்களில் என் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை, கல்லைத் தட்டிவிட்டு எனக்கு நானே சொல்லிக்கொண்ட "கேட்குது" மட்டும்தான்.

அன்று மூன்றாவது நாளாக மழை. மேலே அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். என்னோடு வர வேண்டிய ஆள், சாலை முழுகிவிட்டது என்று வரவில்லை. மேலதிகாரி போன் செய்தார்.

"நாலரைக்குள்ள சொல்லுங்க. பாலத்தைத் திறந்து வைக்கவா, மூடவா?"

"பாத்துட்டு சொல்றேன் சார்."

"மூடுனா மூடுனதுதான். இடிக்கிற ஃபைல் ரெடியா இருக்கு. ஞாபகம் வச்சுக்கங்க."

இந்தப் பாலத்தை விட்டால் எனக்கு வேறு நாதி இல்லை. மறைப்பானேன், எப்படியாவது 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். ஐந்து தூண்களைக் காலையிலேயே வெளியிலிருந்து பார்த்தாகிவிட்டது. வெள்ளம் நேராக மோதும் மூன்றாம் தூணுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். தனியாக இறங்கக் கூடாது என்பது விதி. இறங்கினேன்.

பாலத்திலிருந்து நாலு படி கீழே இரும்புக் கதவு. கதவுக்குள் ஏணி. ஏணிக்குக் கீழே ஒரு பீரோ அளவுக்கு இடம். நெற்றியில் விளக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு போவது முழங்கையில் அதிர்ந்தது.

முதல் கல். டங். "கேட்குது" என்றேன். சரிக்குறி போட்டேன்.

இரண்டாவது. டங். "கேட்குது."

மூன்றாவது கல்லைத் தட்டியதும் பதில் வந்தது.

டொக்... டொக்.

எதிரொலி என்று நினைத்தேன். ஆனால் நான் தட்டியது ஒன்று, வந்தது இரண்டு. ஏறிப்போய் வெளியே எட்டிப் பார்த்தேன். பாலத்தில் ஈ, காக்கா இல்லை. ஆறு கதவுக்கு இரண்டு ஆள் உயரம் கீழே போய்க்கொண்டிருந்தது. மணி 3.57. மறுபடி இறங்கினேன்.

நான்காவது. டங்.

டொக்... டொக்.

கதவிலிருந்து வரவில்லை. கல்லுக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே யாரும் நிற்க முடியாது. இரண்டடிக்குச் சுண்ணாம்பும் சரளையும். அதற்குப் பின்னால் ஆறு.

சொன்னால் சிரிப்பீர்கள். நான் ஓடவில்லை. இரண்டு வருடத்தில் முதல்முறையாக யாரோ எனக்குப் பதில் சொல்கிறார்கள்... அடுத்த கல்லைத் தட்டினேன். ஐந்து. ஆறு. ஏழு. நான் ஒன்று தட்டினேன், அது இரண்டு தட்டியது. "கேட்குது" என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். தேவைப்படவில்லை.

4.05. எட்டாவது கல்.

டொப்.

காதில் விழாத மாதிரி நின்றேன். இன்னொரு தடவை, மெதுவாகத் தட்டினேன். டொப். பின்னாலிருந்து சத்தமே இல்லை.

வட்டம் போட வேண்டும். என் கை சரிக்குறி போடப் போனது.

4.07.

டொக். டொக். டொக்.

மூன்று.

கை அந்தரத்தில் நின்றது.

"யாரு?"

டொக். டொக். டொக்.

இப்போது என் முகத்துக்கு நேராக.

கால் ஜில்லென்றது. குனிந்தேன். கல் இடுக்கிலிருந்து தண்ணீர்...

டொக் டொக் டொக். டொக் டொக் டொக். டொக் டொக் டொக்...

சுத்தியலைப் போட்டேன்.

ஏறினேன்.

4.11. வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் கதவுக்கு ஒரு சாண் கீழே.

"மூடுங்க சார்" என்றேன் போனில்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இப்பவே மூடுங்க."

அந்தக் கரையில் பாலத்தில் ஏறவிருந்த பேருந்து பின்வாங்கியது. 4.19க்கு, வேரோடு வந்த ஒரு மரம் மூன்றாம் தூணில் மோதியது. வெளிப்பக்கக் கற்கள் மளமளவென்று சரிந்தன. நான் நின்றிருந்த இடத்துக்குள் ஆறு புகுந்தது.

பாலம் விழவில்லை. வெள்ளம் வடிந்ததும் வந்து பார்த்தவர்கள், மூன்றாம் தூணை மட்டும் பிரித்துக் கட்டினால் போதும் என்றார்கள். இடிக்கிற ஃபைலைக் கட்டி வைத்துவிட்டார்கள். மேலதிகாரி எனக்குக் கை கொடுத்தார்.

ஐந்து வாரம் கழித்து, தூணைப் பிரித்துக்கொண்டிருந்த கொத்தனார் கூப்பிட்டு அனுப்பினார். உட்சுவர்க் கற்களை வரிசையாகத் தரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார். சுண்ணாம்பில் புதைந்து, கட்டிய நாளிலிருந்து யார் கண்ணிலும் படாத பின்பக்கம் மேலே தெரிந்தது.

"உங்க ஆளுங்கள்ல யாராவது இடது கைக்காரங்க உண்டா சார்?"

"ஏன்?"

"நீங்களே பாருங்க."

மூன்றாவது கல்லிலிருந்து ஏழாவது வரை, ஒவ்வொன்றிலும் சாக்பீஸ் சரிக்குறி. இடம் வலம் மாறிய சரிக்குறி. எட்டாவது கல்லில் வட்டம். பக்கத்தில் 4.07. அவ்வளவு தண்ணீர் புகுந்த தூணில், சாக்பீஸ் விரலில் ஒட்டியது.

"கீழ இன்னொரு நேரமும் இருக்கே சார். அது எதுக்கு?"

குனிந்து பார்த்தேன். 11.31.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

விசாரணையில் 11.40 என்று எழுதிக் கொடுத்தேன் அல்லவா. மூன்று தட்டு தட்டியது அந்த நேரத்தில்தான், அதில் பொய் இல்லை. ஆனால் தண்ணீர் ஏறுவதை நான் பார்த்தது 11.31க்கு. போனில் மகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத் தட்டலாம் என்று நினைத்தேன். அந்த நேரத்தை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.